அமிட்ரிப்டிலின் சாப்பிட்டால் கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

மருந்துக்கடை உதவியாளர், சுங்கை சிப்புட்:
வணக்கம். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் எடுக்கும் இனிப்புநீர்க்காரர்கள் தோட்டப் பக்கம் நிறைய. இதே வகை மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின், முதிய எலிகளின் திசுவில் செரமைடு என்ற கொழுப்பைக் குறைத்த செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "அப்படின்னா கொழுப்பு மாத்திரை எதுக்கு?" என்று கேட்கிறார்கள். எப்படி விளக்குவது?

உயிர்வேதியல் ஆசிரியை:
தம்பி, அது வேறு கொழுப்பு. செல் சவ்விலுள்ள ஸ்பிங்கோமயலின் என்ற கொழுப்பை உடைத்துச் செரமைடு ஆக்குவது, செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில் இருக்கும் அமில ஸ்பிங்கோமயலினேஸ் என்ற நொதி. செரமைடு மிகுந்தால் ஏகேடி என்ற புரதம் அடங்கி, இன்சுலின் வேலை கெடும். அதனால்தான் முதுமை ஆய்வாளர்களுக்கு இதில் இவ்வளவு அக்கறை.

அமிட்ரிப்டிலின், இமிப்ரமின், ஃபுளுவாக்செட்டின் எல்லாம் மென்காரங்கள். லைசோசோமின் அமிலத்தில் மின்னேற்றம் பெற்று, வெளியேற முடியாமல் அங்கேயே குவியும். சவ்வில் ஒட்டியிருந்த நொதி கழன்று, பக்கத்திலுள்ள புரோட்டியேஸ்களால் (புரதத்தை வெட்டும் நொதிகள்) சிதைக்கப்படும். மருந்து நொதியை நேராகத் தடுப்பதில்லை. அரைத்த திசுவில் மருந்தைக் கலந்து பிஎச் 5-இல் அளந்து "விளைவே இல்லை" என்று எழுதுகிறவர்கள் தவறுவது இங்கேதான். உயிருள்ள செல்லுக்குக் கொடுத்த பிறகே அளக்க வேண்டும்.

லேப்காரர், ஈப்போ:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. திசுவிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுக்க, 1 கிராம் திசுவுக்கு 20 மி.லி. குளோரோஃபார்ம்–மெத்தனால், 2:1. கண்ணாடிக் குழாய் மட்டும். குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கிலுள்ள சேர்மங்களை இழுத்துவிடும். ஒப்பீட்டு அளவாகப் பயன்படும் சி17 செரமைடை, பிரித்தெடுக்கும் முன்பே சேர்க்கணும், பிறகு சேர்த்தால் வழியில் இழந்தது தெரியாது. ஸ்பிங்கோசினையும் அளங்கள்: டெசிப்ரமின் போன்ற இவ்வகை மருந்துகள், செரமைடை ஸ்பிங்கோசினாக உடைக்கும் அமில செரமிடேஸ் நொதியையும் குறைப்பதால், செரமைடு ஒன்றை மட்டும் பார்த்தால் கணக்கு ஏமாற்றும்.

மருந்தாளுநர்:
கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் தம்பி. கிளினிக் ரத்தப் பரிசோதனையில் வருவது கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும். செரமைடு அதில் இல்லை. அமிட்ரிப்டிலினால் பசி கூடி எடை ஏறினால் டிரைகிளிசரைடு உயரக்கூடும். அது லிட்டருக்கு 4.5 மில்லிமோல் தாண்டினால், வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்ட எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அளவை நம்ப முடியாது. பசியாறாமல் வந்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கொழுப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். அமிட்ரிப்டிலினையும் சட்டென்று விடக்கூடாது, படிப்படியாகக் குறைக்கணும். வயதானவர்களுக்கு ராத்திரி எழுந்தால் தலைசுற்றும். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு கழிவறைக்குப் போகட்டும். சிறுநீர் அடைத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ அன்றே கிளினிக்குக்கு அனுப்புங்கள்.