பட்டன் போனில் மாற்கு சுவிசேஷம் வரிசை மாறி ஓடுகிறது, உதவி தேவை

சாயங்கால ஜெபம்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் சபையில் வாசிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கிப்போனவர்களுமாகப் பெரியவர்கள் 14 பேர் இருக்கிறார்கள். எல்லோரிடமும் இருப்பது பட்டன் போன்தான். வேதத்தை அவர்கள் காதால் மட்டுமே கேட்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேட்பதோடு சரி, வாரத்தின் மற்ற நாட்களில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அதனால் மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரங்களையும் சபையார் 16 பேர் ஆளுக்கொன்றாக வாசித்துப் பதிவு செய்தோம். அதை மெமரி கார்டில் ஏற்றி 14 போன்களிலும் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு பாட்டி என்னிடம், "உயிர்த்தெழுந்ததற்கு அப்புறமா கூரையைப் பிரிச்சுத் திமிர்வாதக்காரனை இறக்கினாங்க?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை வாங்கி ஓடவிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. முதல் அதிகாரம் முடிந்ததும் பத்தாம் அதிகாரம் வருகிறது. பிறகு 11, 12 என்று போய், 16 முடிந்த பிறகு இரண்டாம் அதிகாரம் தொடங்குகிறது. பர்திமேயுவின் கண் திறந்து, சிலுவை, வெறும் கல்லறை எல்லாம் முடிந்த பிறகுதான் லேவியை அழைக்கிறார். அந்தப் பாட்டிக்கு இந்தக் கதையை ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லை. நான் கொடுத்த வரிசைதான் அவருக்குச் சுவிசேஷம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மற்ற போன்களையும் வாங்கிப் பார்த்தேன். அங்கே வேறு கோளாறுகள். 5, 9, 13 ஆகிய மூன்று அதிகாரங்கள் எந்தப் போனிலும் பாடவில்லை. இரண்டு போன்கள் கார்டையே காட்டவில்லை. நான்கு போன்களில் ஒவ்வொரு அதிகாரமும் இரண்டு தடவை தெரிகிறது. ஒன்று பாடுகிறது, மற்றது பாடவில்லை. எல்லாப் போனிலும் சத்தம் குறைவு, சிலர் வாசித்தது முணுமுணுப்பதுபோல் இருக்கிறது.

எனக்குக் கணினி ஓரளவுதான் தெரியும். எங்கே தொடங்குவது?

ஒலிமேசை:

சிஸ்டர், இது நான்கைந்து தனித்தனிப் பிரச்சினை. ஒன்றாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சில கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லுங்கள். ஃபைல்களுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? பாடாத அந்த மூன்று அதிகாரங்களும் உங்களுக்கு எப்படி வந்தன? கார்டில் ஏற்றியது எந்தக் கணினியில்? கார்டு எத்தனை ஜி.பி.?

சாயங்கால ஜெபம்:

பெயர்: மாற்கு 1, மாற்கு 2, இப்படி மாற்கு 16 வரை, ஆங்கில எழுத்தில். பாடாத மூன்றும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பி வைத்தவை. மற்றவர்கள் எம்பி3 ஆகவே கொடுத்துவிட்டார்கள். பத்து கார்டுகளை என் விண்டோஸ் கணினியில் ஏற்றினேன், நான்கை மட்டும் என் தம்பி அவனுடைய மேக் கணினியில் ஏற்றித் தந்தான். கார்டுகள் பெரும்பாலும் 8 ஜி.பி. இரண்டு மட்டும் 64 ஜி.பி., ஒரு விசுவாசி வீட்டில் இருந்ததைக் கொடுத்தார்.

ஒலிமேசை:

நீங்களே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

முதலில் வரிசை. போன் எண்ணை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்தாகப் பார்க்கிறது. அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி, முதல் எழுத்தைப் பார்த்து, அப்புறம் அடுத்த எழுத்து. "1"-ல் தொடங்குகிற 10, 11, 12 எல்லாம் "2"-க்கு முன்னால் வந்துவிடும். எல்லா எண்ணுக்கும் ஒரே நீளம் கொடுத்தால் சரியாகிவிடும்: 01, 02, 03. சங்கீதம் செய்யப் போகிறீர்கள் என்றால் அங்கே 150 அதிகாரம் இருக்கிறது, அதனால் 001 என்று மூன்று இலக்கம் வேண்டும். பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம், பல பட்டன் போன்களில் வெறும் கட்டமாகத்தான் தெரியும். நான் புத்தகங்களுக்கும் எண்தான் வைப்பேன். வேதாகமத்தில் மாற்கு 41-வது புத்தகம், ஆகவே ஃபோல்டர் 41, அதற்குள் 41-01, 41-02. பின்னால் லூக்காவைச் சேர்த்தால் 42. புத்தக வரிசையும் தானாகவே நின்றுவிடும்.

அடுத்து, பாடாத மூன்று. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஓபஸ் என்ற முறையில் சேமிக்கப்படுகிறது. அது 2012-ல்தான் தரநிலையாக வந்தது, குறைந்த அளவில் நல்ல சத்தம் தரும். ஆனால் பெரும்பாலான பட்டன் போன்களுக்கு அது தெரியாது. ஃபைலின் பெயரில் கடைசியில் எம்பி3 என்று மாற்றி எழுதினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது, உள்ளே இருப்பது ஓபஸ்தான். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஓபஸைத் திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளையும் நிறுவ வேண்டும்.

எம்பி3-க்கு மோனோ (ஒரே ஒலித்தடம்), நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) போதும். பேச்சுக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்.பி.க்கும் குறைவு. புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களும் சேர்ந்து 20 மணி நேரம் வந்தாலும் 600 எம்.பி.க்குள் அடங்கும். 64 ஜி.பி. கார்டுக்கு இங்கே வேலையே இல்லை.

இரண்டாம் மைல்:

மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

கார்டு தெரியாத இரண்டு போன்களிலும் போட்டது அந்த 64 ஜி.பி. கார்டுகளாகத்தான் இருக்கும், பாருங்கள். 32 ஜி.பி. வரை உள்ள கார்டுகள் ஃபேட்32 என்ற அமைப்பில் வரும். அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட். பழைய போன்களுக்கு எக்ஸ்ஃபேட் வாசிக்கத் தெரியாது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு 8 ஜி.பி. கார்டு போடுங்கள். ஃபார்மேட் செய்து மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒவ்வொன்றும் இரண்டு தடவை தெரிவது உங்கள் தம்பியின் மேக் செய்த வேலை. மேக்கிலிருந்து இந்த மாதிரிக் கார்டுக்கு ஃபைல் ஏற்றும்போது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து ஒரு குட்டி ஃபைலை அது எழுதும். கணினியில் மறைந்திருக்கும், பட்டன் போனில் அப்படியே தெரியும். அதன் அளவைப் பாருங்கள், பெரும்பாலும் 4 கே.பி.தான் இருக்கும். அதில் ஒலியே கிடையாது. மேக்கின் டெர்மினலில் டாட்_கிளீன் என்ற கட்டளையைக் கார்டின் மேல் ஓட்டினால் போய்விடும். எளிய வழி, அந்த நான்கு கார்டையும் அழித்துவிட்டு உங்கள் விண்டோஸிலேயே ஏற்றுவது.

இன்னொன்று. கார்டை உருவும் முன் கணினியில் "இஜெக்ட்" கொடுங்கள். அவசரத்தில் அப்படியே பிடுங்கி, கடைசி ஃபைல் பாதியில் நின்றுபோனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசி ஃபைல் என்றால் உங்களுக்கு 16-ஆம் அதிகாரம். அது பாதியில் நிற்கவே கூடாது.

பழைய தட்டு:

சகோதரி, உங்கள் பாட்டி கேட்ட கேள்வியை நான் இரண்டு தடவை வாசித்தேன். எழுத்து தெரியாதவர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்.

நான் ஒலிப்பதிவு ஊழியத்தில் நெடுநாள் இருந்தவன். இந்த வேலை செல்போனோடு வந்ததல்ல. ஹொண்டுராஸில் மிஷனரியாக இருந்து உடல்நலம் குன்றித் திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் என்ற அம்மையார், 1939-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் காஸ்பல் ரெக்கார்டிங்ஸ் என்ற ஊழியத்தைத் தொடங்கினார். தான் விட்டு வந்த ஜனங்களுக்கு அவர்கள் மொழியில் தன் குரலையாவது அனுப்ப முடியுமா என்ற ஏக்கத்தில் தொடங்கியது அது. பிற்காலத்தில் மின்சாரம் இல்லாத இடங்களுக்காக அவர்கள் ஒரு அட்டையையே இசைத்தட்டு இயக்கும் கருவியாக மடித்து அனுப்பினார்கள். ஊசி அட்டையோடு சேர்ந்தே இருக்கும், கேட்கிறவர் தட்டைக் கையால் சுற்ற வேண்டும். கேட்கிறவர் கையில் என்ன இருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி நாம் இறங்கிப் போக வேண்டும் என்பதை நான் அந்த அட்டையைப் பார்த்துத்தான் கற்றேன். நீங்களும் பட்டன் போனுக்கு இறங்கிப் போயிருக்கிறீர்கள், ரொம்பச் சந்தோஷம்.

ஒரு யோசனை. ஒவ்வொரு ஃபைலின் தொடக்கத்திலும் "மாற்கு சுவிசேஷம், மூன்றாம் அதிகாரம்" என்று ஒரே குரலில் சொல்லிச் சேருங்கள். அவர்களால் திரையை வாசிக்க முடியாது. பட்டன் போன்கள் பலவும் அணைத்துப் போட்டால் எங்கே நிறுத்தினோம் என்பதை மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தொடக்கத்தில் எண்ணைக் கேட்டால் அடுத்த பாட்டு பட்டனை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று அவர்களே எண்ணிக்கொள்வார்கள். அதிகாரம் முடியும் இடத்தில் மூன்று நொடி அமைதி விடுங்கள். கேட்டதை மனதில் வைக்க அவர்களுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வாசித்தீர்கள்? புதிய மொழிபெயர்ப்பு என்றால் அதை வெளியிட்டவர்களிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். வாசித்தது உங்கள் ஆட்கள் என்றாலும் வாக்கியங்களுக்கு உரிமை அவர்களுடையது.

சாயங்கால ஜெபம்:

ஐயா, நாங்கள் வாசித்தது பழைய மொழிபெயர்ப்பு. பெரியவர்களுக்கு அந்த வார்த்தைகள்தான் காதில் இருக்கிறது. மறுபதிப்புகளுக்கும் ஏதாவது உரிமை இருக்குமா என்று போதகரிடம் சொல்லி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அதிகாரத்தின் பெயரைச் சொல்லிச் சேர்ப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நானே 16-க்கும் பேசிச் சேர்க்கிறேன். சத்தக் குறைவுக்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

ஒலிமேசை:

16 பேர் 16 விதமாக வாசித்திருப்பார்கள், ஒருவர் போனை வாய் அருகில் வைத்திருப்பார், இன்னொருவர் மேசை மேல் வைத்திருப்பார். ஆடாசிட்டியில் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் இந்த மூன்றையும் வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் ஹை-பாஸ் ஃபில்டர்: தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும், வெட்டும் எல்லையை 150-க்கும் 200 ஹெர்ட்ஸுக்கும் இடையே வையுங்கள். பட்டன் போனின் குட்டி ஸ்பீக்கரால் அதற்குக் கீழே உள்ள சத்தத்தைத் தரவே முடியாது. முணுமுணுப்புக்கு அதுவும் ஒரு காரணம். அடுத்து கம்ப்ரஸர்: உரத்த இடத்தைக் கொஞ்சம் அடக்கும், மெல்லிய இடம் மேலே வரும். வாசிப்பவர் வசனத்தின் முடிவில் குரலைத் தாழ்த்துவார் அல்லவா, அது காதில் விழும். கடைசியாக லௌட்னெஸ் நார்மலைசேஷன், எல்லா அதிகாரத்துக்கும் ஒரே அளவு. அப்போதுதான் அதிகாரம் மாறும்போது பெரியவர்கள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது.

கணினி ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு அதிகாரத்தை மட்டும் செய்து, ஒரு பட்டன் போனில் போட்டு, அவர்கள் எங்கே வைத்துக் கேட்பார்களோ அங்கே வைத்துக் கேளுங்கள்.

சாயங்கால ஜெபம்:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். மன்னியுங்கள், சாயங்காலங்களில்தான் இதற்கு நேரம் கிடைத்தது.

பெயர்களை 41-01 முதல் 41-16 வரை மாற்றிவிட்டேன். மூன்று ஓபஸ் ஃபைல்களும் எம்பி3 ஆகிவிட்டன. 64 ஜி.பி. கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேக் கார்டுகளில் அந்தக் குட்டி ஃபைல்கள் 4 கே.பி.தான் இருந்தன, இரண்டாம் மைல் சொன்னது அப்படியே சரி. சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: ஒன்பதாம் அதிகாரத்தில், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அந்தத் தகப்பன் கதறுகிற இடம் முன்பு கேட்கவே கேட்காது. வாசித்த அண்ணன் அங்கே குரல் தழுதழுத்து மெதுவாகச் சொல்லியிருக்கிறார். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இருக்கிறது.

13 போன்கள் சரி. ஒரே ஒரு போன் மட்டும் 01, 02, 03 என்று வைத்தும் 07-ல் தொடங்குகிறது. அது அந்தப் பாட்டியின் போன்.

இரண்டாம் மைல்:

சில பழைய போன்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை. கார்டில் ஒரு வருகைப் பதிவேடு மாதிரி ஒன்று இருக்கும், எந்த ஃபைல் முதலில் வந்து சேர்ந்ததோ அது முதல் வரி. போன் அந்தப் பதிவேட்டை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போகும். நீங்கள் 16-ஐயும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்திருப்பீர்கள், கை ஏழாவதைப் பிடித்திருக்கும். அது முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது.

கார்டை ஃபார்மேட் செய்துவிட்டு, ஒவ்வொரு ஃபைலாக 01-லிருந்து வரிசையாக காப்பி செய்யுங்கள். 16 ஃபைல்தானே, ஐந்து நிமிடம். பின்னால் நூற்றுக்கணக்கில் வரும்போது டிரைவ்சார்ட் என்று விண்டோஸுக்கு ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, லினக்ஸில் ஃபேட்சார்ட். ஏற்கெனவே ஏற்றிய கார்டில் அந்தப் பதிவேட்டை மட்டும் பெயர் வரிசைப்படி திருத்திவிடும்.

சாயங்கால ஜெபம்:

சரியாகிவிட்டது! ஒவ்வொன்றாகத்தான் ஏற்றினேன்.

நேற்றுப் பாட்டி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முதல் மூன்று அதிகாரங்களைச் சேர்ந்து கேட்டோம். கூரையைப் பிரிக்கும் இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ இவன்தான் முதல்ல, கல்லறை இன்னும் வரலை" என்றார். நான் கிளம்பும்போது, குழந்தை இயேசு பிறந்தது இதில் இல்லையே, அது எங்கே என்று கேட்டார். மாற்கில் அது கிடையாது, லூக்காவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் அடுத்து லூக்கா, 24 அதிகாரங்கள். முதல் அதிகாரமே 80 வசனம், அதை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறேன். 42-01அ, 42-01ஆ என்று வைக்க முடியாதே, எப்படிப் பெயர் வைப்பது?

ஒலிமேசை:

இரண்டு பேர் வாசித்ததையும் ஆடாசிட்டியில் ஒட்டி ஒரே 42-01 ஆகக் கொடுத்துவிடுங்கள். இந்தத் தடவை வாசிப்பவர்களிடம் வாய்ஸ் மெசேஜ் வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். போனில் உள்ள ரெக்கார்டரில் பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஃபைல் மாறாமல் அப்படியே வந்து சேரும். ரெக்கார்டர் எம்4ஏ ஆகச் சேமித்தால் அதையும் நீங்கள் எம்பி3 ஆக மாற்ற வேண்டியிருக்கும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.