டிஸ்க் ஆபரேஷன் முடிந்தவர் "இடுப்பு கட்டை மாதிரி இருக்கு" என்கிறார்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

புதுபிசியோ:
வயது 46, இடுப்பின் அடி மட்டத்தில் (எல்5-எஸ்1) மைக்ரோடிஸ்கெக்டமி, அதாவது பிதுங்கிய டிஸ்கைச் சிறு கீறல் வழியாக எடுக்கும் ஆபரேஷன், ஆகி 8 வாரம். காலுக்கு இறங்கிய வலி போய்விட்டது, காயமும் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் இடுப்பின் வலப்பக்கம் வீங்கினாற்போல, மரக்கட்டை மாதிரி இருக்கிறதாம். தொட்டால் வீக்கமே இல்லை. நேராகப் படுத்திருந்தும் கோணலாகக் கிடப்பதாகச் சொல்கிறார். வலது பாதத்தின் வெளி ஓரத்தில் மதமதப்பு. ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கச் சொன்னால் சிரமமில்லாமல் தூக்குகிறார். பிரிட்ஜ், பிளாங்க் போன்ற வலுப்படுத்தும் பயிற்சிகள் செய்தும் இந்த உணர்வு மாறவில்லை. சீனியர்கள் வழி சொல்லுங்கள்.

முதுகுத்தண்டு:
தம்பி, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பாத ஓர மதமதப்பு, அந்த இடத்துக்கு உணர்ச்சி தரும் எஸ்1 நரம்பு வேர் நசுங்கிக் கிடந்ததன் மிச்சம். வலி முதலில் போகும், உணர்ச்சி பெரும்பாலும் கடைசியில்தான் திரும்பும். நரம்பிழையே சிதைந்திருந்தால் அது நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று அவருக்கே கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பதற்றம் குறையும்.

இடுப்பு விஷயம் வேறு. முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசைதான் 'இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது. வலிக் காலத்தில் அது மெலியும், ஆபரேஷனிலும் கொஞ்சம் அடிபடும். 2008-இல் ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி, நாள்பட்ட முதுகுவலிக்காரர்களைத் தங்கள் முதுகை எப்படி உணர்கிறார்களோ அப்படியே வரையச் சொன்னார். வலிக்கிற இடத்தில் கோடு விட்டுப்போனது. உங்கள் ஆளையும் வரையச் சொல்லுங்கள்.

பிறகு காலிப்பரின் (இடைவெளி அளக்கும் இருமுனைக் கருவி) இரு முனையையும் ஒரே நேரத்தில், தோல் லேசாகக் குழியும் அளவுக்கு இடுப்பில் வைத்து, 'ஒன்றா இரண்டா' என்று கேளுங்கள். 'இரண்டு' என்று தெரிகிற மிகக் குறைந்த இடைவெளியை இரு பக்கமும் அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

புதுபிசியோ:
அளந்தேன் சார். இடப்பக்கம் 45 மி.மீ., வலப்பக்கம் 70. படத்திலும் வலப்பக்கக் கோடு பாதியில் நிற்கிறது.

முதுகுத்தண்டு:
அப்படியென்றால் வலப்பக்கத்தில் தொடு உணர்வு மங்கியிருக்கிறது, முதலில் அதைத்தான் பழக்க வேண்டும். பிளாங்க் இரண்டாம்பட்சம். தழும்பைத் தவிர்த்து இடுப்பில் 9 புள்ளி குறியுங்கள். போட்டோ எடுத்து எண் போட்டு அவர் கையில் கொடுங்கள். வீட்டில் ஒருவர் கார்க்காலும் (மழுங்கல்) பேனா மூடியாலும் (கூர்) மாற்றி மாற்றித் தொட, அவர் 'நாலு, கூர்' 'ஏழு, மழுங்கல்' என்று சொல்ல வேண்டும். தப்பென்றால் உடனே சொல்லி அதே இடத்தில் மறுபடி தொட வேண்டும். ஒரு வேளைக்கு 10 நிமிடம், தினம் இரண்டு வேளை. சும்மா தடவிவிட்டால் பலன் கிடையாது, அவர் யோசித்துப் பதில் சொல்வதுதான் பயிற்சியே. பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில்: வரிசையாகத் தொட்டால் ஊகித்துவிடுவார், அழுத்தித் தொட்டால் சுற்றுத் தோலும் இழுபட்டு இடம் குழம்பும்.

அது பிடிபட்டதும், மல்லாந்து முழங்கால் மடக்கி, இடுப்புக்கடியில் உள்ளங்கை வைத்து, இடுப்பால் கையை மெல்ல அழுத்துவதும் விடுவதும் 10 முறை. வேகம் வேண்டாம், கையில் அழுத்தம் இரு பக்கமும் சமமா என்று அவர் கவனிக்க வேண்டும். கோணல் உணர்வுக்கு, படுத்திருப்பதை மேலிருந்து போட்டோ எடுத்து உடனே காட்டுங்கள். கண்ணால் பார்த்துத் திருத்தினால்தான் மூளை ஒத்துக்கொள்ளும்.

வார்டுசிஸ்டர்:
வீட்டாருக்கு இதையும் சொல்லிவிடுங்கள். மதமதப்பான பாதத்துக்கு வெந்நீர்ப் பை கூடாது, வெயிலில் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சுட்டாலும் தெரியாது. தினமும் இரவு பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடுகிற நொடியில்தான் தள்ளாடும், ஒரு கை சுவரில் இருக்கட்டும்.

ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் இறங்காவிட்டாலோ, மலம் தானாகப் போனாலோ, பாதம் திடீரெனத் தொங்கினாலோ எந்தப் பயிற்சியும் வேண்டாம். இரவானாலும் அப்போதே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போக வேண்டும்.