ஹெட் சீவிய ஆர்எக்ஸ் 100: எந்தப் பெட்ரோல், எவ்வளவு 2டி ஆயில்?

கொங்குச்சாலை:
என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் சிலிண்டர் ஹெட்டை லேத்தில் சீவி, போர்ட்டிங் வேலையும் (சிலிண்டரில் கலவையும் புகையும் போகும் துளைகளைத் திருத்துவது) முடித்திருக்கிறேன். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பிளக் துளை வழியாகச் சிரிஞ்சால் எண்ணெய் விட்டு அளந்ததில் 7.5 சிசி பிடித்தது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்தக் கணக்கில் கம்ப்ரெஷன் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 14:1 ஆகிறது. கம்பெனி கொடுத்த எண்ணோ 6.7:1 மட்டுமே. பெட்ரோல் பங்குகளில் இப்போது பெரும்பாலும் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. கம்ப்ரெஷன் கூடினால் பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயிலை 1:20 (20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) வரை கூட்டிவிட்டால் நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வராது என்று பட்டறையில் சொல்கிறார்கள். வண்டி பெரும்பாலும் கோவை–பொள்ளாச்சி சாலையிலும், வாய்ப்புக் கிடைக்கும்போது கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்திலும் ஓடும். எந்தப் பெட்ரோலை, எந்த அளவு ஆயிலோடு பயன்படுத்துவது சரி என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லேத்பட்டறை:
முதலில் அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்காதீர்கள், நண்பரே. நீங்கள் போட்டது முழு ஸ்ட்ரோக்கின் கணக்கு. ஜப்பானியக் கம்பெனிகள் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் துளை) மூடிய பிறகு பிஸ்டன் ஏறும் தூரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன, ஏனென்றால் போர்ட் திறந்திருக்கும்வரை எதுவும் அழுத்தப்படுவதில்லை. இந்த எஞ்சினில் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ.; போர்ட் மூடும்போது பிஸ்டன் ஏற ஏறக்குறையப் பாதித் தூரமே மீதம் இருக்கும். அந்த முறையில் பார்த்தால் உங்கள் எஞ்சின் 8:1 அளவில் நிற்கிறது. போர்ட்டிங்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தியிருந்தால் இன்னும் சற்றுக் குறையும். இரண்டு மடங்கெல்லாம் இல்லை, ஆனாலும் காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இது கணிசமான உயர்வுதான்.

பெட்ரோலைப் பற்றி யோசிக்கும் முன்பே ஸ்குவிஷ் இடைவெளியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) அளந்துவிடுங்கள். பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியை, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பிஸ்டன் பின்’ இருக்கும் திசையில் சுவரைத் தொடும்வரை நுழைத்து, கிக்கரைக் கையால் அழுத்தி ஒரு சுற்று விட்டு, நசுங்கிய முனையை வெர்னியரால் அளந்தால் போதும். இந்த அளவு எஞ்சினுக்கு 0.9 முதல் 1 மி.மீ. வரை நல்லது. ஹெட்டின் முகத்தை மட்டும் சீவியிருந்தால் இடைவெளி அதைவிடக் குறைந்து, உச்ச வேகத்தில் பிஸ்டன் ஹெட்டைத் தொடும் அபாயம் உண்டு. 1.5 மி.மீ.யைத் தாண்டினால் ஓரத்தில் தங்கும் கலவை தானாக வெடிக்கும் அபாயம் கூடும். அதை எந்தப் பெட்ரோலாலும் முழுமையாகத் தடுக்க முடியாது.

வேதிவாசகன்:
ஆயிலைக் கூட்டினால் நாக்கிங் நிற்கும் என்பது தவறான நம்பிக்கை. இதனால் நல்ல எஞ்சின்கள் வீணாவதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 2டி ஆயிலுக்கு நாக்கிங்கைத் தடுக்கும் குணம் இல்லை. கலக்கக் கலக்க, நாக்கிங்கைத் தாங்கும் பெட்ரோலின் திறனான ஆக்டேனைச் சிறிதளவு குறைக்கவே செய்யும். அதைவிட முக்கியமானது ஜெட்டிங், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் துளையான ஜெட்டின் அளவு. 1:40 அளவிலிருந்து 1:20க்குப் போனால், அதே மெயின் ஜெட் வழியாகச் செல்லும் கலவையில் பெட்ரோலின் பங்கு 2 சதவீதத்துக்கும் மேல் குறைந்து எஞ்சின் லீன் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாத நிலை) ஆகிறது. லீன் ஆனால் சூடேறும், சூடேறினால் நாக்கிங் வரும். ஆயில் அளவு பேரிங்கையும் ரிங்கையும் காப்பதற்காக முடிவு செய்ய வேண்டியது. ஆக்டேன் கம்ப்ரெஷனுக்காக முடிவு செய்ய வேண்டியது.

ஜாஸோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரமுள்ள சிந்தெடிக் ஆயிலில் சாலைக்கு 1:40, அதாவது லிட்டருக்கு 25 மி.லி. போதுமானது, டிராக்கில் நீண்ட நேரம் முழு திராட்டிலில் ஓட்டுவதாக இருந்தால் 1:32, அதாவது 31 மி.லி. டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட டின்னை வாங்க வேண்டாம். அது தண்ணீரில் குளிரும் படகு எஞ்சின்களுக்கானது. விளக்கெண்ணெய் அடிப்படையிலான ரேஸிங் ஆயில் கடும் சூட்டிலும் படலம் விடாமல் காக்கும், ஆனால் ரிங்கிலும் சைலன்சரிலும் பிசினாகப் படியும். அடிக்கடி ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்பவர்களுக்கே அது ஏற்றது. அதைச் சாதாரண ஆயிலோடு ஒரே டேங்கில் கலக்கவும் கூடாது.

ஈ20 பற்றி எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. எத்தனாலின் ஆக்டேன் அதிகம். ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே உயர்ந்த கம்ப்ரெஷனுக்கு அது எதிரி அல்ல. ஆனால் 1985 முதல் 1996 வரை விற்ற இந்த வண்டியின் ஜெட், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக அமைந்தது. அந்தப் பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று தேவை. ஈ20க்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். அதாவது எரிபொருள் 8 சதவீத அளவுக்குக் கூடுதலாகச் செல்ல வேண்டும். மெயின் ஜெட்டை மாற்றாமல் ஈ20 ஊற்றினால் எஞ்சின் லீனாகவே ஓடும். சாலைக்கு ஈ20ஐ ஜெட் மாற்றத்தோடு பயன்படுத்துங்கள். டிராக் நாளுக்கு 2020 டிசம்பரில் அறிமுகமான எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் கூடுதல் பாதுகாப்பு. பெட்ரோலை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கொங்குச்சாலை:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆயில் பம்பைக் கழற்றிவிட்டுக் கலந்தே ஊற்றுவதா, பம்பையே வைத்துக்கொள்வதா என்பதையும் சொல்லுங்கள்.

லேத்பட்டறை:
சாலையில் ஓடும் வண்டிக்குப் பம்ப் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. திராட்டிலுக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது அளவை மாற்றிக் கொடுக்கும். டிராக்குக்கு மட்டும் கழற்றுவதாக இருந்தால், ஆயில் வந்து சேரும் துளையைக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அங்கே கசிவு இருந்தால் அதுவே எஞ்சினை லீன் ஆக்கிவிடும். பம்ப் இல்லாமல் வால்பாறை, ஊட்டி போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது திராட்டிலை முழுவதும் மூடி எஞ்சின் பிரேக்கிலேயே வராதீர்கள். பெட்ரோல் நின்றால் அதோடு ஆயிலும் நிற்கும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்துத் திராட்டிலைச் சற்றுத் திருகி விடுங்கள்.

வேதிவாசகன்:
கலந்து ஊற்றுபவர்கள் ஈ20 கலவையை டேங்கில் வாரக்கணக்கில் தேக்கி வைக்கக் கூடாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும், ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போவது ஆயில் இல்லாத அந்த அடிப்பகுதி. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் குழாய், நீடில் வால்வு, கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றையும் எத்தனால் தாங்கும் புதிய வகைக்கு மாற்றுவது அவசியம். ஜெட்டைக் கூட்டிய பிறகு முழு திராட்டிலில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் பொடிப் பொடியாக அலுமினியத் துகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. இக்னிஷன் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஸ்குவிஷை மறுபடி அளக்கும்வரை வண்டியை டிராக்குக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.