பழைய ராக் குழுக்கள் புதுப் பாட்டுகளை மேடையிலிருந்து இறக்குவது சரியா?

மூன்றாவதுகிட்டார் எழுதியது:

பிரிட்டனின் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன் 2025-ல் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடும் டூர் தொடங்கினார்கள். 1980-லிருந்து 1992 வரை வந்த முதல் ஒன்பது ஆல்பங்களின் பாட்டுகள், அவ்வளவுதான் செட்லிஸ்ட் (மேடையில் வாசிக்கும் பாட்டுப் பட்டியல்). 2000 முதல் வந்த ஆறு ஆல்பங்களில் ஒரு பாட்டுகூட இல்லை. பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்து, மூன்று கிட்டாரோடு குழு மறுபடி நிமிர்ந்த காலம் அது. எனக்கு மெய்டன் அறிமுகமானதே 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ஆல்பத்தில்தான். நான் எந்தக் குழுவின் ரசிகனானேனோ அந்தக் குழு மேடையில் இல்லாத மாதிரி இருக்கிறது. தன் பாட்டைத் தானே இப்படி ஒதுக்கலாமா?

கடைசிவரிசை எழுதியது:

நண்பரே, ஒதுக்கியதாக ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? இதே மெய்டன் 2006 டூரின் முதல் கட்டத்தில் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் வாசித்தார்கள். எழுபது நிமிடத்துக்கு மேல் போகும் ஆல்பம். மீதி நேரத்தில் பழைய பாட்டு நான்கைந்துதான். அன்றைக்கு என்னைப் போன்ற பழைய ரசிகர்கள் பொறுத்துக்கொண்டோம். இந்த முறை எங்கள் முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்ன காலத்துப் பாட்டுதான் வரும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள், யாரையும் ஏமாற்றவில்லை.

மிக்ஸர்மேசை எழுதியது:

நான் மேடை ஒலி வேலையில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, இடம். பெரிய அரங்கில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். இத்தனை மணிக்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருக்கும். விளக்கு, திரைக் காட்சி, புகை எல்லாம் பாட்டோடு நொடிக்கணக்கில் கோத்திருக்கும். ஒரு பாட்டை மாற்றினால் பத்துப் பேருடைய வேலை மாறும். அதனால் கூட்டம் நிச்சயம் எழுந்து நிற்கும் என்று தெரிந்த பாட்டையே வைப்பார்கள். புதுப் பாட்டு தொடங்கியதும் அரங்கம் இருண்டு போவதை மேசையிலிருந்து பார்த்தால் தெரியும். பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி மேடையிலேயே இதைச் சொல்வார்: பழைய பாட்டுக்கு கைப்பேசி வெளிச்சம் நட்சத்திரக் கூட்டமாக மின்னும், புதுசு என்றால் கருந்துளைதான், ஆனாலும் பாடத்தான் போகிறோம் என்று.

இரண்டாவது, குரல். இதை யாரும் பேசுவதில்லை. இருபத்தைந்து வயதில் எழுதிய பாட்டை எழுபதை நெருங்கும் தொண்டை பாட வேண்டும். பல குழுக்கள் அரை சுரம் இறக்கித்தான் வாசிக்கிறார்கள். நான் வேலை செய்த ஒரு கச்சேரி மறக்கவே மறக்காது. குழுவின் பெயர் வேண்டாம். பாடகர் தன் பெயர்பெற்ற பாட்டின் உச்சி வரியில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். கூட்டம் சந்தோஷமாகப் பாடியது. ஹெட்ஃபோனில் அவர் மூச்சு வாங்குவது மட்டும் எனக்குக் கேட்டது. அடுத்து, அந்த வருடம் வந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். இன்றைய குரலுக்கென்றே எழுதிய பாட்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நான் தொடவே இல்லை, எதிரொலியும் சேர்க்கவில்லை. அன்றைக்கு அவர் முழுசாகப் பாடியது அந்த ஒன்றைத்தான். முன்வரிசையில் பாதிப் பேர் அப்போது வெளியே போயிருந்தார்கள். மறுநாள் செட்லிஸ்ட் தாளில் அந்தப் பாட்டு அடிக்கப்பட்டிருந்தது.

கடைசிவரிசை எழுதியது:

மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். நான் முப்பது வருடம் காத்திருந்து ஒரு குழுவை நேரில் பார்த்தவன். தேய்ந்துபோன கேசட்டில் கேட்ட பாட்டு அது, நடுவில் ஒரு இடத்தில் டேப் இழுத்து ஸ்ருதி குழையும். மேடையில் அதே இடம் வந்தபோது என் காது அந்தக் குழைவை எதிர்பார்த்தது. அது வராமல் நேராகப் போனதும் அழுதுவிட்டேன். அந்தப் பாட்டுக்குப் பதில் போன வருடத்துப் பாட்டைப் பாடியிருந்தால்? இன்னொரு முறை பார்க்க எனக்கு வாய்க்காது, அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

குழுக்களே இதைப் புரிந்துகொண்டுதான் செய்கிறார்கள். பிளாக் சபாத்தின் '13' ஆல்பம் 2013-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அவர்களுக்கு முதலிடம் கிடைத்தது அப்போதுதான். அப்படியிருந்தும் 2016-ல் விடைபெறும் டூருக்குக் கிளம்பியபோது அதிலிருந்து ஒன்றுமில்லை. எல்லாம் எழுபதுகளின் பாட்டு. 2017 பிப்ரவரியில், சொந்த ஊரான பர்மிங்காமில், 'பாரனாய்ட்' வாசித்து முடித்தார்கள். விடைபெறும்போது வேறு எதை வாசிப்பது?

மூன்றாவதுகிட்டார் எழுதியது:

சார், நீங்கள் சொன்ன உதாரணம்தான் என்னை உறுத்துகிறது. முதலிடம் பிடித்த ஆல்பம் மூன்றே வருடத்தில் மேடையில் செல்லாக்காசாகிவிட்டது. அப்படியானால் அந்த ஆல்பம் எதற்கு? முன்பெல்லாம் ஆல்பம் விற்க டூர் போனார்கள். இப்போது டூருக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக ஆல்பம் வருகிறதோ என்று தோன்றுகிறது.

அப்புறம், தெரியாத பாட்டைக் கூட்டம் கேட்காது என்பதையும் நான் ஏற்கவில்லை. பிங்க் ஃபிளாய்ட் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' முழுவதையும் 1972 ஜனவரியிலிருந்து மேடையில் வாசித்தார்கள். ஆல்பம் வந்தது 1973 மார்ச்சில். பிரைட்டனில் முதல் தடவை வாசித்தபோது தொழில்நுட்பக் கோளாறில் 'மணி' பாட்டோடு பாதியிலேயே நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் ரசிகர்கள் கேட்டது, எந்தக் கடையிலும் கிடைக்காத பாட்டு.

கடைசிவரிசை எழுதியது:

அது 1972, தம்பி. வாசித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இருபதுகளில் வயது. அடுத்த வருடமும் வருவார்கள் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். இன்றைக்கு அந்த நம்பிக்கை யாருக்கு இருக்கிறது?

ட்ரம்குச்சி எழுதியது:

ரஷ் குழுவின் 2015 டூரை யாரும் சொல்லவில்லையே. புதுசில் தொடங்கிப் பின்னோக்கிப் போனார்கள். 2012-ல் வந்த 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' பாட்டுகள் முதலில், கடைசியில் 1974-ல் வந்த முதல் ஆல்பத்தின் 'வொர்க்கிங் மேன்'. வாசித்துக்கொண்டிருக்கும்போதே பணியாளர்கள் வந்து மேடைப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துப் போவார்கள். முடிவில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் மாதிரி ஒரு பின்னணி, நாற்காலி மேல் வைத்த ஆம்ப்ளிஃபையர். நாற்பது வருடமும் இருந்தது, யாருக்கும் குறையில்லை.

மிக்ஸர்மேசை எழுதியது:

அருமையான உதாரணம். வைக்கும் இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2023-ல் 'ஹாக்னி டைமண்ட்ஸ்' ஆல்பம் வந்த பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் 2024-ல் டூர் போனார்கள். புதுசில் ஓரிரண்டை நடுவில் கலந்தார்கள். 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்' பாட்டை மட்டும் கடைசிக்கு முன்னால், 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டுக்கு ஒட்டி வைத்தார்கள். அந்த நேரத்தில் யாரும் எழுந்து போக மாட்டார்கள். நான் சொன்ன பாடகரின் பாட்டை அப்படி ஓர் இடத்தில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

மூன்றாவதுகிட்டார் எழுதியது:

சரி, நான் பாதி செட்லிஸ்டைக் கேட்கவில்லை. ஒரே ஒரு பாட்டு, மெய்டனின் 'பிளட் பிரதர்ஸ்'. குழுவின் பாஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாரிஸ் தன் அப்பா இறந்த பிறகு எழுதியது. என் அப்பா போன பிறகு பல மாதம் நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். கடைசிவரிசை சார், உங்கள் கேசட் பாட்டு உங்களுக்கு என்னவோ, எனக்கு அதுதான் இது. 2000-ல் வந்தது என்பதற்காக அது புதுப் பாட்டு ஆகிவிடுமா?

கடைசிவரிசை எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. அந்தப் பாட்டு இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேசைக்காரர் சொன்னது போல இடம் அளவாகத்தான் இருக்கிறது. எதை எடுத்துவிட்டு அதை வைப்பீர்கள்? பெயரைச் சொல்லுங்கள்.

மூன்றாவதுகிட்டார் எழுதியது:

'ரன் டு தி ஹில்ஸ்'. நாற்பது வருடத்துக்கு மேல் வாசித்துவிட்டார்கள்.

கடைசிவரிசை எழுதியது:

அதற்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். வேறு சொல்லுங்கள்.