சுரங்கப்பாதை வாசலில் காட்டிய சிவப்பு

அம்மா: வந்ததிலிருந்து இவள் சாப்பிடவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்திருக்கிறாள். யாராவது பேசுங்கள்.

மாமா: என்ன ஆச்சு அக்கா? இரண்டாவதாக வருகிறாள் என்று அத்தான் மெசேஜ் போட்டிருந்தாரே.

அம்மா: நடைப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் தகுதி நீக்கம். மூன்று சிவப்பு அட்டையாம்.

தாத்தா: என்ன அநியாயம்! பிள்ளை நடந்துதானே வந்தாள், ஓடினாளா?

சித்தி: அப்பா, நடைப் பந்தயத்தில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கும் கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு நேர் மேலே வரும்வரை முட்டி மடங்காமல் இருக்க வேண்டும். கேமரா கிடையாது, நடுவர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு. வெவ்வேறு நடுவர்கள் மூன்று பேர் சிவப்பு அட்டை எழுதிக் கொடுத்தால் தலைமை நடுவர் சிவப்புத் தட்டைக் காட்டுவார்.

தாத்தா: அதைக் கடைசிச் சுற்றில்தான் காட்ட வேண்டுமா?

சித்தி: கடைசியில்தானே அப்பா கால் ஓய்ந்துபோகும், வேகமும் கூடும். தப்பு வருவதே அங்கேதான்.

நான்: முட்டி மடங்கியது எனக்கே தெரியவில்லை சித்தி. நன்றாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

சித்தி: வா கண்ணு. ஜேன் சாவில் என்று ஓர் ஆஸ்திரேலிய வீராங்கனை. கேள்விப்பட்டிருக்கிறாயா?

நான்: இல்லை.

சித்தி: 2000, சிட்னி ஒலிம்பிக். அதுவரை பெண்களுக்கு 10 கி.மீ.தான், 20 கி.மீ. வைத்தது அதுதான் முதல் தடவை. ஜேன் பிறந்து வளர்ந்த ஊரும் சிட்னிதான். அன்று முன்னணியில் இருந்த ஒரு சீன வீராங்கனையும் ஓர் இத்தாலிய வீராங்கனையும் சிவப்பு வாங்கி வெளியே போய்விட்டார்கள். ஜேன் தனியாக முதலில் வருகிறார். அரங்கத்துக்குள் போகும் சுரங்கப்பாதைக்கு வந்துவிட்டார். உள்ளே அவ்வளவு கூட்டமும் அவருக்காகக் காத்திருக்கிறது. அந்த வாசலில் வைத்துத் தலைமை நடுவர் சிவப்பைக் காட்டினார்.

மாமா: ஐயோ.

சித்தி: அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படி அழுவார். தங்கம் சீனாவின் வாங் லிபிங்குக்குப் போனது.

அம்மா: இதைத்தான் நானும் சொல்கிறேன். இந்த வலி எதற்கு? பேசாமல் ஓட்டப் பந்தயத்துக்கு மாறட்டும்.

சித்தி: அக்கா, முழுவதும் கேள். ஜேன் நடுவரோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை. திரும்பவும் போட்டிகளில் நடந்தார். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்தில் ஏற்கெனவே தங்கம் வாங்கியவர். 2002 மான்செஸ்டரில் மறுபடியும் தங்கம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 1:29:25, வெண்கலம். தங்கம் வாங்கிய கிரீஸ் வீராங்கனைக்கும் அவருக்கும் 13 வினாடிதான். சிட்னியில் முதலிடத்தில் வந்தும் கிடைக்காத பதக்கம், அங்கே மூன்றாவதாக வந்து கிடைத்தது. எனக்கு அவருடைய தங்கங்களைவிட அந்த வெண்கலம்தான் பெரிது.

நான்: அப்புறம் விட்டுவிட்டாரா?

சித்தி: எங்கே விட்டார்? 2006 மெல்போர்ன் காமன்வெல்த், சொந்த நாட்டில். அங்கேயும் தங்கம், மூன்றாவது முறை. வெள்ளி யாருக்குத் தெரியுமா? கூடப் பிறந்த நடாலிக்கு.

மாமா: அக்கா தங்கை இரண்டு பேருமா! பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

தாத்தா: அந்தச் சிட்னி நடுவர் சரியாகத்தான் செய்தார் என்கிறாயா?

சித்தி: ஆமாம் அப்பா. உள்ளூர்ப் பெண் என்று பார்த்து விட்டிருந்தால், முன்னால் வெளியே போன இரண்டு பேருக்கு என்ன பதில்? மனசு ஆறாது, ஆனால் சரிதான்.

நான்: எனக்கு முதல் சிவப்பு மூன்றாவது சுற்றிலேயே வந்தது. அட்டைகளைக் குறிக்கும் போர்டில் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தால் பின்னால் இருப்பவள் முந்திவிடுவாள் என்று அப்படியே போனேன்.

சித்தி: அங்கேதான் விட்டாய். ஒரு சிவப்பு வந்ததும் காலடியைக் கொஞ்சம் சுருக்கியிருக்க வேண்டும். எந்த முட்டி?

நான்: இடது என்று நினைக்கிறேன். காலையில் ஐந்தரைக்கு வருகிறீர்களா? போனை முட்டி உயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். முதலில் இல்லை, களைத்த பிறகு எடுக்க வேண்டும்.

சித்தி: வருகிறேன். முதலில் அந்த ஷூவைக் கழற்று.

நான்: கழற்றிவிட்டேன். இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டியிருக்கிறது.

அம்மா: இழுக்காதே. வெந்நீர் கொண்டு வருகிறேன்.