உதவி: 1,500 டொலருக்குள் மேல்-கீழ் குழல் துவக்கு. புதுத் துருக்கியா, பழைய சிட்டோரியா?

கேள்வி: கிரவுஸ்காரன் (ஒன்ராறியோ)

லைசன்சும் வேட்டை அட்டையும் இருக்கு. கிழமைக்கு ஒருக்கால் ஸ்கீட், ட்ராப் (எறியிற கிளே தட்டைச் சுடுற விளையாட்டுகள்). இலையுதிர் காலத்தில் கிரவுஸ் (காட்டுக்கோழி மாதிரிப் பறவை), கொஞ்சம் வாத்து. எல்லாத்துக்கும் ஒரே துவக்கு வேணும். கையில் பிடிச்சுப் பார்த்தவை இரண்டு:

புதுத் துருக்கித் துவக்கு. 12 கேஜ் (குழலின் விட்ட அளவு), 28 அங்குலக் குழல், 5 சோக் (குழல் வாயைச் சுருக்கி, சன்னம் விரியிறதைக் கட்டுப்படுத்துற துண்டு), அலுமினிய ரிசீவர் (விசை இருக்கிற உடற்பகுதி), நிறை 2.8 கிலோ.

பழைய பிரவுனிங் சிட்டோரி, ஒரு தனியாள் விக்கிறது. 12 கேஜ், 28 அங்குலம், சோக் கழற்றலாம், 3.5 கிலோ. இதில ஒரு சிக்கல்: டம்மி தோட்டா போட்டு விசையை அழுத்த முதல் குழல் "டிக்" எண்டுது. திரும்ப அழுத்தினால் இரண்டாம் குழலில் ஒரு சத்தமும் இல்லை. பழுதோ? 20 கேஜ் (12ஐ விடச் சின்னக் குழல்) எடுத்தால் நல்லமோ?

பதில்: நீலத்தட்டு

பழுதெண்டு முடிவு கட்டாதேங்கோ. சிட்டோரியில் இருக்கிறது உதைப்பில் இயங்கும் விசை. முதல் வெடியின் உதைப்புத்தான் உள்ளே ஒரு சின்னப் பாரத்தை அசைச்சு, விசையை இரண்டாம் சுத்தியலோடு இணைக்கும். டம்மியில் உதைப்பு ஏது? இப்படிப் பாருங்கோ: முதல் "டிக்" வந்த பிறகு விசையை முழுசா விடுங்கோ. தோளில் வைக்கிற கட்டையின் பின்பக்க ரப்பரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிப்போட்டு மறுபடி அழுத்துங்கோ. அடிச்சால் சரி. குழல் தெரிவை மாற்றி, மற்றக் குழலை முதலில் வைச்சும் ஒருக்கால் செய்யுங்கோ. தட்டியும் அடிக்காட்டில் அநேகமா உள்ளே பழைய எண்ணெய் பசையா இறுகியிருக்கும், இல்லாட்டி இணைப்புத் தேய்ஞ்சிருக்கும். துவக்குத் திருத்துநரிட்டைக் காட்டாமல் காசு குடுக்கவேண்டாம்.

இந்த விசையின் குறை ரெண்டு. பாரமான துவக்கில் 21 கிராம் மாதிரி மெல்லிய தோட்டா போட்டால் சில வேளை இரண்டாம் குழல் இணையாது. முதல் தோட்டா வெடிக்காமல் போனாலும் அதே கதைதான். அப்ப குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி அரை நிமிசமாவது பொறுத்துத்தான் திறக்கவேணும், பிந்தி வெடிக்கக் கூடும். மெக்கானிக்கல் விசைக்கு உதைப்புத் தேவையில்லை.

பதில்: முன்கட்டை

நிறையை யோசியுங்கோ. ஒரு சுற்றுக்கு 25 தட்டு, நாலு சுற்றெண்டால் 100 வெடி. அதே தோட்டாவுக்கு 2.8 கிலோத் துவக்கின் உதைப்பு ஆற்றல் 3.5 கிலோவை விடக் கால்வாசி கூட. மூண்டாம் சுற்றில் தோள் நொந்து, விசையை அழுத்த முன்னமே தலை கட்டையை விட்டு எழும்பத் தொடங்கும். பிறகு தட்டு விழாததுக்குச் சோக்கைக் குறை சொல்லுவினம்! லேசான துவக்கு காட்டுக்குள் நாள் முழுக்க நடக்கிறவருக்குத்தான் பொருந்தும். அலுமினியம்தான் வேணுமெண்டால், தோட்டாவின் அடி படுகிற முகத்தில் உருக்குத் தகடு பதிச்சிருக்கோ எண்டு பாருங்கோ.

20 கேஜ் கிளேக்குப் போதும், ஆனால் வாத்துக்கான ஸ்டீல் சன்னத் தோட்டாவில் தெரிவு குறைவு, விலையும் மலிவில்லை. இன்னொண்டு, 12ம் 20ம் ஒரே பையில் போடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுகிப் போய் நடுவில் சிக்கும். பின்னால் 12 போட்டு வெடிச்சால் குழல் பிளக்கும். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வாறது அதுக்குத்தான்.

பதில்: நீலத்தட்டு

பழையதைச் சோதிக்கிற விதம்: முன்கட்டையை (குழலுக்குக் கீழே கை பிடிக்கிற மரம்) கழற்றிப்போட்டு, கைப்பிடியில் பிடிச்சு ஆட்டுங்கோ. குழல் "கடகட" எண்டால் கீல் தேய்ஞ்சிட்டுது. மேல் லீவர் (துவக்கைத் திறக்கிற நெம்பு) மூடின நிலையில் நடுவுக்கு வலப்பக்கம் நிண்டால் நல்லது, நடுவில் நிண்டால் பரவாயில்லை, இடப்பக்கம் தாண்டினால் விட்டிடுங்கோ. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே உள்ளே பாருங்கோ. நிழல் வளையம் தெரிஞ்சால் வீங்கியிருக்கு. பிறகு ஒரு கயிற்றில் தொங்கவிட்டு மெல்லத் தட்டுங்கோ. மணி மாதிரி ஒலிக்கவேணும். சத்தம் அடைச்சால் மேல் பட்டியின் (குழலுக்கு மேலே நீளமா ஓடுற உருக்குப் பட்டி) ஒட்டு விட்டிருக்கு.

தோட்டா அறை நீளத்தைக் குழலில் பொறிச்சிருக்கும். 2¾ அங்குல அறைக்குள் 3 அங்குலத் தோட்டா தடையில்லாமல் நுழையும், ஏனெண்டால் அந்த அளவு வெடிச்சு விரிஞ்ச பிறகு வாற நீளம். வெடிக்கேக்க வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நுழையுது எண்டதுக்காகப் போடாதேங்கோ.

தனியாளிடம் வாங்குறதால், விக்கிறவர் முதலில் உங்கட லைசன்சைச் சரிபார்த்து உறுதி எண் எடுக்கவேணும். 2022 மே முதல் சட்டம்.

கிரவுஸ்காரன்

தட்டிப் பார்த்தன், ரெண்டு பக்கமும் அடிச்சுது. லீவர் நடுவுக்கு வலது. அறை 3 அங்குலம். சோக் எதுக்கு எது? அளவு பொருந்துதோ எண்டு எப்படி அறியிறது?

பதில்: முன்கட்டை

சோக்கை விரிவிலிருந்து இறுக்கத்துக்கு அடுக்கினால்: சிலிண்டர், ஸ்கீட், இம்ப்ரூவ்ட் சிலிண்டர், மொடிஃபைட், ஃபுல். ஸ்கீட்டுக்கு ஸ்கீட் அல்லது இம்ப்ரூவ்ட் சிலிண்டர். 16 யார் தூரத்து ட்ராப்புக்கு மொடிஃபைட். கிளே தோட்டா 28 கிராம், 8 அல்லது 7½ நம்பர் சன்னம். கிரவுஸ் மரங்களுக்குள் கிட்டத்தான் எழும்பும். கீழ்க் குழலில் சிலிண்டர், மேலே இம்ப்ரூவ்ட் சிலிண்டர். வாத்துக்கு ஈயம் சட்டப்படி கூடாது. ஸ்டீல் 2 அல்லது 4 நம்பர் போடுங்கோ, ஆனால் ஃபுல் சோக்கில் வேண்டாம். ஸ்டீல் நசியாது, ஈயத்தை விட ஒரு படி இறுக்கமாய்க் கூடும், மொடிஃபைட்டே போதும்.

அளவுக்கு: கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைச்சுக் கன்னத்தைப் பதியுங்கோ. கண் திறக்க மேல் பட்டி மெல்லிசாய்த் தெரியவேணும். லீவரின் முதுகு மட்டும் தெரிஞ்சால் கட்டை தாழ்வு, ஒட்டுப் பட்டை போட்டு உயர்த்தலாம். பட்டி ரோட்டு மாதிரி விரிஞ்சு தெரிஞ்சால் உயரம் கூட. பிறகு 16 யாரில் கடதாசிக்கு, ஒவ்வொரு குழலாலும் நாலைஞ்சு வெடி. கட்டையை 1/16 அங்குலம் மாற்றினால் அங்கே 1 அங்குலம் நகரும். இரண்டு குழலும் வேற வேற இடத்தில் அடிச்சால் அதை மலிவாய்த் திருத்த ஏலாது, வாங்கவேண்டாம்.

பதில்: நீலத்தட்டு

கூடுதல் சோக் வாங்க முதல் குழலில் "இன்வெக்டர்" எண்டு இருக்கோ, "இன்வெக்டர் பிளஸ்" எண்டு இருக்கோ பாருங்கோ. ஒண்டு மற்றதுக்குப் பொருந்தாது. ரெண்டுக்கும் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் பூசி, 25 வெடிக்கு ஒருக்கால் இறுக்கம் பாருங்கோ. துவக்கைத் திறந்து வெறுமையாக்கின பிறகு.