தேர்தலை ரத்து செய்தார்கள், வேட்பாளரை ரத்து செய்தார்களா?

வைகைக்கரை:
யாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்குக் காசு வாங்கியவருக்கு ஊழலைப் பற்றிப் பேச அருகதை கிடையாது. 2009 ஜனவரியில் எங்கள் பக்கத்துத் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. அதிலிருந்துதான் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரே வந்தது. காலைப் பேப்பரோடு கவர், கவருக்குள் 5,000 ரூபாய் என்று அமெரிக்கத் துணைத் தூதரகம் அனுப்பிய குறிப்பில்கூட இருந்தது. 2011-இல் அது வெளியே கசிந்தது. அப்போது ஊரே வெட்கப்பட்டது. இப்போது வெட்கமும் போய்விட்டது. 'உங்க தெருவுக்குக் கவர் வந்துடுச்சா?' என்பதை கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்கிற மாதிரி கேட்கிறார்கள். அப்புறம் ரோடு போட்ட மூன்றாம் மாதம் பல்லிளித்தால் கவுன்சிலரைத் திட்டுவது. அவர் போட்ட முதலை அவர் எடுக்கிறார், அவ்வளவுதானே?

தண்டையார்பேட்டை வாசி:
வைகை சார், எங்கள் ஆர்.கே. நகரை வைத்து நாடே சிரித்தது, நினைவிருக்கிறதா? 2017 ஏப்ரல் 12 அன்று ஓட்டுப்பதிவு நடந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் ஒரு அமைச்சர் வீட்டில் வருமான வரி சோதனை. 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாக் கணக்கு என்று தாள்கள் டி.வி. முழுக்க ஓடின. தேர்தல் ரத்து. சரி, அதற்கப்புறம் என்ன நடந்தது? டிசம்பர் 21-இல் மறுபடியும் தேர்தல். மும்முனையில் ஏப்ரலில் நின்ற அதே மூன்று பேர்தான் டிசம்பரிலும் நின்றார்கள். போட்ட வழக்கும் 2018-இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. உள்ளே போனவர் ஒருவர் உண்டா? பிறகு பணம் தருவதற்கு அடையாளமாக இருபது ரூபாய் நோட்டு வாங்கினார்கள் என்று சொல்லி, எங்கள் தொகுதி ஜனங்களுக்கு மட்டும் 'இருபது ரூபாய் டோக்கன்' என்று பட்டப்பெயர் மிச்சம்.

பேசுகிற அருகதையைப் பறிக்கிறீர்களே, பறிக்க வேண்டிய இடம் வேறு சார்.

கரூர்க்காரி:
நான் அரவக்குறிச்சி வாக்காளர். ஆர்.கே. நகருக்கு முன்னாலேயே நாங்கள் பார்த்துவிட்டோம். 2016 மே 16-இல் தமிழ்நாடே ஓட்டுப் போட்டது, எங்களையும் தஞ்சாவூரையும் தவிர. முதலில் மே 23 என்றார்கள், பிறகு ஜூன் 13 என்றார்கள், கடைசியில் ரத்து. வாக்காளருக்குப் பணம் கொடுத்ததற்காகச் சட்டமன்றத் தேர்தலையே ரத்து செய்தது இந்தியாவில் அதுதான் முதல் தடவை. நவம்பர் 19-இல் திரும்ப வைத்தார்கள். இரண்டு தொகுதியிலும் இரண்டு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களைத்தான் நிறுத்தின. யார் கொடுத்தது என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபணம் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நிரூபிக்க யாராவது மெனக்கெட்டார்களா?

இதில் கூத்து என்னவென்றால், அப்போது ஜெயித்த இரண்டு எம்.எல்.ஏ.க்களும் அடுத்த வருஷமே தகுதிநீக்கம், அது கட்சிக்குள் நடந்த அணிச் சண்டையில். 2019-இல் எங்களுக்கு மறுபடியும் இடைத்தேர்தல். 2016-இல் எங்கள் தொகுதியில் ஜெயித்த அதே செந்தில்பாலாஜி, வேறு சின்னம். விரலில் மை அழிய நேரம் கொடுக்கவில்லை.

வைகைக்கரை:
நீங்கள் இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கை நீட்டாமல் கவர் எப்படி வீட்டுக்குள் வரும்? கடந்த முறை என் வீட்டு வாசலுக்கு வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அந்தப் பையன் நான் ஏதோ அவனை அவமானப்படுத்திய மாதிரி முழித்தான். 'சார், எதிர்க்கட்சியா?' என்று கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் அரசு ஊழியர், சம்பளம் லட்சத்தைத் தொடுகிறது. அவர் நாலு ஓட்டுக்கும் எண்ணி வாங்கிக்கொண்டார். ஏழை, பாவம் என்கிற கதையெல்லாம் அங்கே ஓடாது.

பறக்கும்படை:
நான் வருவாய்த்துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் பறக்கும்படை ட்யூட்டி பார்த்திருக்கிறேன், எந்த மாவட்டம் என்று வேண்டாம்.

பட்டுவாடா எப்படி நடக்கிறது என்று இங்கே பலருக்குத் தெரியவில்லை. பாகம் வாரியாக வாக்காளர் பட்டியல் நகல் ஒவ்வொரு பூத் ஆளிடமும் இருக்கும். செத்தவர், வெளியூர் போனவர், கல்யாணமாகிப் போன பெண், எல்லாம் பென்சிலில் குறித்திருப்பார்கள். எங்கள் அலுவலகப் பட்டியலைவிட அது சுத்தமாக இருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன். இருபது முப்பது வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு. கொடுத்தால் பெயருக்கு நேரே டிக். பணம் நாங்கள் ரோட்டில் நிற்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஊருக்குள் வந்து படுத்திருக்கும். நாங்கள் யாரைப் பிடிப்போம்? 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ரசீது இல்லாமல் வருகிறவரை. மாட்டுச் சந்தைக்குப் போகிற விவசாயி, முட்டை வசூல் வண்டி, மகளுக்கு நகை எடுக்கப் போகிற அம்மா. அவர்கள் அழுதுகொண்டே கருவூலத்துக்கு அலைவார்கள். மாலை செய்தியில் 'இத்தனை கோடி பறிமுதல்' என்று வரும்.

சட்டப்புள்ளி:
சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பழைய தண்டனைச் சட்டத்தில் 171பி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 170. ஓட்டுக்கு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை. மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரணையைக்கூடத் தொடங்க முடியாத வகைக் குற்றம். சிரிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒன்று கவனியுங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 8(1)-இல் இந்தக் குற்றமும் இருக்கிறது. வெறும் அபராதம் விழுந்தாலே ஆறு வருஷம் தேர்தலில் நிற்க முடியாது. பல் இருக்கிற சட்டம்தான், கடிக்க விடுவதில்லை.

ஏன் கடிக்கவில்லை? சாட்சி வேண்டும். சாட்சி யார்? வாங்கியவர். 'எனக்கு இன்னார் கொடுத்தார்' என்று அவர் வாயைத் திறந்தால் அவரே இரண்டாம் குற்றவாளி. எந்தப் பைத்தியக்காரர் வருவார்? வைகை சார் கேட்கிற மாதிரி வாங்கியவரை இன்னும் இறுக்கினால் கொடுத்தவருக்குத்தான் பாதுகாப்பு கூடும். வாங்கியவர் முன்வந்து சொன்னால் வழக்கு இல்லை என்று எழுதிப் பாருங்கள். அப்புறம் கவர் கொடுக்கிறவருக்குக் கை நடுங்கும். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கட்டாயத்தின் பேரில் லஞ்சம் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் புகார் செய்தால் குற்றமில்லை என்று வைத்தார்களே, அந்த மாதிரி.

வைகைக்கரை:
சட்டப்புள்ளி, அருமையான யோசனை. நாளைக்கே இரண்டு கட்சியும் ஆளுக்கு ஐந்நூறு பேரைத் தயார் செய்து 'அவன் கொடுத்தான்' என்று எதிராளி மேல் சத்தியம் செய்ய வைக்கும். தண்டனை இல்லாத பொய் சாட்சிக்கு இந்த ஊரில் பஞ்சமா?

சட்டப்புள்ளி:
பொய் சாட்சிக்குத் தண்டனை தனியாக இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை. வெறும் வாய்ச்சொல்லை வைத்தா தீர்ப்பு எழுதுவார்கள்? பணம் எங்கிருந்து வந்தது, யார் யாருக்குப் போன் செய்தார்கள், அதெல்லாம் சேர வேண்டும். இன்றைக்குப் பிடித்து இழுக்க முதல் நூலிழையே கிடைக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

தண்டையார்பேட்டை வாசி:
இன்னொரு விஷயம். வைகை சார் பேசுவதைப் பார்த்தால் காசு வாங்கியவர் காசு கொடுத்தவருக்கே போடுகிறார் என்று ஆகிறது. எதை வைத்து? உங்கள் திருமங்கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் தி.மு.க. ஜெயித்தது, 2011-இல் அதே தொகுதியில் அ.தி.மு.க. ஜெயித்தது. அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு மொத்தமே 23 இடம். மின்வெட்டும் 2ஜியும் சேர்ந்து கவிழ்த்தன. 1996-இல் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். கட்சிக்கு நாலே இடம். ஊழல் என்று பட்டபோது ஜனங்கள் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள்.

கோர்ட் என்ன செய்தது? 1996-இல் புறப்பட்ட சொத்துக் குவிப்பு வழக்கில் முதல் தீர்ப்பு 2014 செப்டம்பரில். 2015-இல் விடுதலை. உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டனையை உறுதி செய்தது 2017 பிப்ரவரி 14 அன்று. அப்போது முதல் குற்றவாளி உயிரோடு இல்லை. வாக்காளர் ஒரே நாளில் எழுதிய தீர்ப்பை எழுத அவர்களுக்கு இருபது வருஷம். நடுவில் அவர் எத்தனை முறை முதல்வர் ஆனார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
நடுவில் அவரை முதல்வராக்கியது யார் சார்? உங்கள் வாக்காளர்தானே! 1996-இல் தண்டித்தவர் 2001-இல் மன்னித்துவிட்டார். 2014-இல் ஜெயிலுக்கே போய் வந்தவரை 2016-இல் மறுபடி உட்கார வைத்தார். பொறுப்புக் கேட்பது என்றால் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது மட்டும்தானா? மாற்றினாலும் வருகிறவர் யார்? போன தடவை தோற்றவர்.

கணக்கு வாத்தியார்:
கடைசி வரியில்தான் வைகை சார் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார், ஆனால் அவர் வாதத்துக்கே அது எதிராகப் போகிறது. கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சம் ஓட்டு என்று வையுங்கள். தலைக்கு 1,000 என்றால் 20 கோடி. வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் அனுமதிக்கிற செலவு 40 லட்சம். ஐம்பது மடங்கு. பணம் ஓட்டை வாங்குகிறதா இல்லையா என்று நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். வாங்கவே வேண்டாம்! இருபது கோடியைப் புரட்ட முடியாதவருக்குக் கட்சி சீட் கொடுக்காது. அங்கேயே வடிகட்டி முடிந்தது. இருபது வருஷம் போஸ்டர் ஒட்டிய கிளைச் செயலாளர் விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, நேர்காணலில் 'எவ்வளவு செலவு செய்வீங்க?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்புகிறார். ஜனங்கள் மை வைப்பதற்கு ஆறு வாரத்துக்கு முன்னாலேயே தேர்தல் பாதி முடிந்துவிடுகிறது.

இருபது கோடி எங்கிருந்து வரும்? மணல், காண்ட்ராக்ட், கல்லூரி, ரியல் எஸ்டேட். போட்டவர் எடுக்காமல் விடுவாரா?

கட்சிகளின் மேல்மட்டத்துக் கணக்கு இன்னும் அழகு. கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தேர்தல் பத்திரம் என்று ஒன்று வைத்திருந்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார் என்று ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அதன் அடிப்படையே. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டியல் வந்தபோது முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-இலேயே தடை செய்தாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அதிகம் வாங்கிய கட்சி பா.ஜ.க. தி.மு.க. தனக்கு வந்த 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்தினுடையது என்று தானே ஒப்புக்கொண்டது. ஒருவர்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆயிரம் ரூபாய் வாங்கிய ஆயாவுக்கு அருகதை இல்லை, அப்படித்தானே?

வைகைக்கரை:
ஆயாவை இழுக்காதீர்கள், நான் லட்ச ரூபாய்ச் சம்பளக்காரரைச் சொன்னேன். மேலே இருக்கிறவர் வாங்கினார் என்பது கீழே இருக்கிறவருக்கு லைசென்ஸ் ஆகாது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். தொகுதியில் பாதிப் பேர் வேண்டாம் என்றால் இருபது கோடி பத்து கோடி ஆகும், அந்தக் கிளைச் செயலாளருக்குக் கொஞ்சமாவது வழி பிறக்கும். சட்டம் மாறக் காத்திருந்தால் மாற்ற வேண்டியவர்களே அதில் பிழைக்கிறவர்கள். வேலூரைப் பாருங்கள். 2019-இல் மக்களவைத் தேர்தலே ரத்து, சிமெண்ட் குடோனில் மூட்டை மூட்டையாகப் பணம். ஆகஸ்டில் மறுபடி அதே இரண்டு பேர், 8,141 ஓட்டு வித்தியாசம். யாரும் எதையும் திருத்தப் போவதில்லை என்று நீங்களே சொல்லிவிட்டு, யாராவது திருத்துவார்கள் என்றும் சொல்கிறீர்கள்.

சட்டப்புள்ளி:
திருத்தம் கேட்டு ஆணையம் எழுதிப் போட்டது, சார். வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ என்ற பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் 58பி என்று ஒன்று வேண்டும் என்றார்கள். மத்திய அரசு ஏற்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அரசியல் சாசனத்தின் 324-ஆம் பிரிவைக் கையில் எடுக்கிறார்கள். அதை வைத்துத் தேர்தலை நிறுத்தலாம், ஆளை நிறுத்த முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. முடிவு வந்த 45 நாளைக்குள் அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். காப்புத்தொகை இரண்டாயிரம் ரூபாய்தான்.

தண்டையார்பேட்டை வாசி:
போடலாம். ராதாபுரத்தில் 2016-இல் 49 ஓட்டில் தோற்றவர் போட்டார். அதுவும் சாதாரண ஆள் இல்லை, முன்னாள் எம்.எல்.ஏ. அப்பாவு. மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வர 2019 அக்டோபர் ஆயிற்று. எண்ணினார்கள், முடிவைச் சொல்லக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, இல்லையா வக்கீல் சார்?

சட்டப்புள்ளி:
இருக்கிறது. 86(7).

கரூர்க்காரி:
வைகை அண்ணா, நீங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை மதிக்கிறேன். ஆனால் பாதிப் பேர் மறுத்தால் செலவு பாதியாகும் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் மறுப்பார். அவர் பணம் மேலே திரும்பிப் போகாது, கொண்டு வந்தவன் பாக்கெட்டுக்குப் போகும். தெருவுக்கே தெரியும். பட்டியலில் அவர் வாங்கியதாகத்தான் இருக்கும். பறக்கும்படை ஐயா, சரிதானே?

பறக்கும்படை:
சரிதான் அம்மா. ஒருமுறை ஒரு பூத் ஆளிடமிருந்து அப்படி ஒரு பட்டியலைக் கைப்பற்றினோம். அதில் எங்கள் படையில் இருந்த ஒருவரின் பெயரும் இருந்தது, நேரே டிக். மனுஷன் ஒரு மாதமாக வீட்டுக்கே போகவில்லை.